சுடும் ஆட்டங்களின் இலக்கணம்: ‘டூம்’ வழியாக ஓர் அறிமுகம்

திருநெல்வேலிச் சந்திப்பிலும் பாளையங்கோட்டையிலும் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலத்தில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிட்டு, ஒரே அறையில் கம்பியால் இணைக்கப்பட்ட கணினிகளின் முன் அமர்ந்து ஒருவரையொருவர் சுட்டு விளையாடிய ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ ஆட்டத்தை, இன்று நாற்பது வயதை நெருங்கும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டங்களைக் கைப்பேசியில் ஆடுகிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இவை எல்லாம் ஒன்றுதான்: ‘சுடுற கேம்’. ஆனால் இந்த வகைக்கென்று தெளிவான ஓர் இலக்கணம் உண்டு. அதன் பெரும்பகுதி 1993 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘டூம்’ என்ற ஆட்டத்தில் நிலைபெற்றது. கணினி ஆட்டம் எதையும் தொட்டிராதவருக்கும் விளங்கும்படி, அந்த ஆட்டம் எப்படி ஆடப்படுகிறது, எப்படி உருவாக்கப்பட்டது என்ற இரண்டையும் சேர்த்தே சொல்ல முயல்கிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. ஏனெனில் ஆடுபவர் சந்திக்கும் விதிகளில் பல, அன்றைய கணினியால் என்ன முடியும், என்ன முடியாது என்பதிலிருந்து பிறந்தவை.

முதலில் வகையின் வரையறை. திரையில் தெரிவதெல்லாம் கதாபாத்திரத்தின் கண்ணுக்குத் தெரிவதாகவே அமைந்திருந்தால் அது முதல்நபர் நோக்கு ஆட்டம். உங்கள் உடல் உங்களுக்குத் தெரியாது. திரையின் அடியில் துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரியும். பப்ஜி போன்ற ஆட்டங்களை வழக்கமாக ஆடும் முறையில் கதாபாத்திரத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒளிந்து நின்றபடியே அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம். முதல்நபர் நோக்கில் அந்தச் சலுகை கிடையாது. மூலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிய வேண்டுமானால் மூலையைத் திரும்பித்தான் ஆக வேண்டும். முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். இந்த வகை ஆட்டங்கள் தரும் பதற்றத்தின் ஊற்று துப்பாக்கியைவிட இந்தக் குறுகிய பார்வையில்தான் இருக்கிறது.

டூமின் கதையை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். செவ்வாய்க் கோளின் துணைக்கோளான ஃபோபோஸில் நடந்த ஆராய்ச்சி ஒன்று நரகத்தின் வாயிலைத் திறந்துவிடுகிறது. உயிரோடு எஞ்சிய ஒரே படைவீரர் அங்கிருந்து செவ்வாயின் மற்றொரு துணைக்கோளான டெய்மோஸுக்கும், பிறகு நரகத்துக்கும் போய்ப் பேய்களோடு போரிடுகிறார்.

ஆட்டம் ‘எபிசோட்’ எனப்படும் மூன்று பகுதிகளாகவும், ஒவ்வொரு பகுதியும் ஒன்பது லெவல்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று மறைவான லெவல். ஒவ்வொரு லெவலும் அறைகளும் கூடங்களும் சுரங்க வழிகளும் முற்றங்களும் கொண்ட ஒரு புதிர்க்கட்டடம். அதன் வெளியேறும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். சில கதவுகள் சும்மா திறக்கும். சிலவற்றுக்கு நீலம், மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஏதோ ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி பெரும்பாலும் கட்டடத்தின் வேறொரு கோடியில், காவலோடு கிடக்கும். அதை எடுத்தவுடன் விளக்கு அணைவதும், மூடியிருந்த சுவர் திறந்து பின்னால் பதுங்கியிருந்த பேய்கள் வெளிப்படுவதும் இந்த ஆட்டத்தின் பழைய சூழ்ச்சி. பழகிய பிறகும் நெஞ்சு ஒரு கணம் அதிரத்தான் செய்கிறது. போன இடங்களைத் தானே வரைந்துகொள்ளும் வரைபடம் ஒரு விசையில் கிடைக்கும். லெவல் முடிந்ததும் எத்தனை சதவீதம் எதிரிகளைக் கொன்றீர்கள், எத்தனை பொருள்களை எடுத்தீர்கள், எத்தனை மறைவிடங்களைக் கண்டுபிடித்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கு காட்டப்படும்.

புதிதாக ஆடுபவர் சண்டையைக் குறிபார்த்துச் சுடும் திறமையாக நினைத்துக்கொள்கிறார். டூமில் அது பாதிதான், கால்தான் முதன்மை. எதிரிகள் தாக்கும் முறை இரண்டு வகை. துப்பாக்கி ஏந்திய முன்னாள் வீரர்கள் சுட்டால் குண்டு அந்தக் கணமே வந்து சேர்ந்துவிடும், விலக நேரமில்லை. ‘இம்ப்’ எனப்படும் பழுப்புநிறப் பேய் எறியும் நெருப்புருண்டை காற்றில் பறந்து வருவது கண்ணுக்குத் தெரியும். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தால் தப்பிவிடலாம். ஆகவே இருவரும் ஒரே அறையில் நின்றால், பார்க்கப் பயங்கரமான பேயை விட்டுவிட்டு, பார்க்கச் சாதாரணமான வீரரை முதலில் வீழ்த்த வேண்டும் என்ற முடிவை ஆடுபவர் அரை வினாடியில் எடுக்கிறார். ‘பிங்கி’ என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் இளஞ்சிவப்புப் பேயோ கடிக்க மட்டுமே தெரிந்தது. அதை நெருங்கவிடாமல் பின்வாங்கிக்கொண்டே சுட வேண்டும். ஒவ்வோர் எதிரியும் வெவ்வேறு கேள்வி. அவற்றை எந்த அறையில் எந்தக் கலவையில் வைப்பது என்பதில்தான் லெவல் வடிவமைப்பாளரின் கைவண்ணம் இருக்கிறது.

இதற்கு மேல் ஒரு நுட்பமும் உண்டு. ஒரு பேய் எறிந்தது தவறி வேறு வகைப் பேயின் மேல் பட்டுவிட்டால், அடிபட்டது கோபம்கொண்டு எறிந்ததைத் தாக்கத் தொடங்கும். அவற்றை ஒரே நேர்க்கோட்டில் வரச்செய்து தங்களுக்குள் சண்டை மூட்டிவிட்டு, தோட்டா செலவில்லாமல் ஒதுங்கி நிற்பது தேர்ந்த ஆட்டக்காரரின் வேலை. தோட்டா செலவு என்பது சின்ன விஷயமன்று. தொடக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கியும் 50 குண்டுகளும்தான் கையில் இருக்கும். ஷாட்கன், சுழல் துப்பாக்கி, ராக்கெட், பிளாஸ்மா என்று மற்றவை வழியில் கிடைத்தாலும், அவற்றின் தோட்டாவும் தேடி எடுத்தால்தான் உண்டு. உடல்நலம் 100-இல் தொடங்கும், அடிபட்டால் குறையும், சும்மா ஒளிந்து நின்றால் ஏறாது. மருந்துப்பெட்டி ஒன்றுக்கு 25, சிறிய மருந்துக்கு 10 என்று தரையில் கிடப்பதை எடுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். சிறிது நேரம் மறைந்திருந்தால் உடல் தானாகத் தேறிவிடும் பிற்காலத்து வழக்கத்தில் பழகியவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியும். எனக்கு இந்தப் பழைய முறைதான் பிடித்திருக்கிறது. ஒரு மருந்துப்பெட்டியை இப்போதே எடுப்பதா, திரும்பி வரும்போது எடுப்பதா என்று யோசிக்க வைப்பதால், சண்டை முடிந்த வெற்றறையிலும் ஆட்டம் நின்றுவிடுவதில்லை.

இனி இதை உருவாக்கியவர்களுக்கு வருவோம். லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ‘சாஃப்ட்டிஸ்க்’ என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ, டாம் ஹால், ஏட்ரியன் கார்மாக் ஆகிய நால்வர் 1991 பிப்ரவரியில் ‘இட் சாஃப்ட்வேர்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இரண்டு கார்மாக்குகளும் உறவினர் அல்லர். ஜான் நிரல் எழுதுபவர், ஏட்ரியன் ஓவியர். 1992 மே மாதத்தில் அவர்கள் வெளியிட்ட ‘ஊல்ஃபென்ஸ்டைன் 3டி’ பெரும் வெற்றி பெற்றது. டெக்சஸ் மாநிலத்தின் மெஸ்கீட் நகரில் அலுவலகம் அமைத்து, நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினிகளில், சி மொழியில் அடுத்த ஆட்டத்தை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் டூம்.

இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். ஊல்ஃபென்ஸ்டைனில் சுவர்கள் எல்லாம் ஒரே உயரம். அவை செங்கோணத்தில்தான் சந்திக்கும். தரை எங்கும் ஒரே மட்டம். வெளிச்சமும் எங்கும் ஒன்றே. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளை அதில் லெவலாகக் கட்டுவது ஓரளவு இயலும். ஆனால் கோபுரமும் இராது, வானமும் இராது. டூமில் சுவர் எந்தக் கோணத்திலும் திரும்பலாம். ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனித் தரைமட்டம், கூரைமட்டம், வெளிச்சம் கொடுக்கலாம். எனவே ரத வீதியிலிருந்து சாய்வாகப் பிரியும் சந்துகளையும், மண்டபத்தின் இருட்டையும், அதைத் தாண்டியதும் வெளிவாசலில் விழும் வெளிச்சத்தையும், குறுக்குத்துறையில் தாமிரபரணிக்கு இறங்கும் படிகளையும் அதில் கட்டலாம். ஆனால் சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்தைக் கட்ட முடியாது. டூமின் லெவல் உண்மையில் உயரங்கள் குறிக்கப்பட்ட ஒரு தரைப்படம். அதில் எந்தப் புள்ளிக்கும் ஒரு தரையும் ஒரு கூரையும்தான் இருக்க முடியும். ஒரு பாதைக்கு நேர் மேலே இன்னொரு பாதை என்பதற்கு அதில் இடமே இல்லை. அந்தப் பாலத்தைக் கட்ட 1996 ஜூனில் வந்த ‘குவேக்’ வரை காத்திருக்க வேண்டும். அதில்தான் இந்நிறுவனம் முழுமையான முப்பரிமாண உலகத்துக்கு மாறியது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? அன்றைய 386, 486 வகைக் கணினிகளில் முப்பரிமாணக் காட்சிக்கென்று தனிச் சில்லு கிடையாது. அகலத்தில் 320, உயரத்தில் 200 என 64,000 புள்ளிகளையும் மையச் செயலியே கணக்கிட்டு நிரப்ப வேண்டும். ஆட்டம் வினாடிக்கு 35 முறை முன்னேற வேண்டும். இதில் நேரத்தைத் தின்னும் கேள்வி, நிற்கும் இடத்திலிருந்து எந்தச் சுவர் தெரியும், எது எதை மறைக்கும் என்பது. இதற்கான விடையை ஜான் கார்மாக் ஆய்வுலகத்திலிருந்து எடுத்துக்கொண்டார். ஹென்றி ஃபுக்ஸ், ட்ஸ்வி கெடெம், புரூஸ் நேலர் ஆகிய மூவர் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த முறை அது. லெவலைக் கட்டி முடித்ததும் தனி நிரல் ஒன்று அதன் தரைப்படத்தை ஒரு கோட்டால் இரண்டாக வெட்டும். ஒவ்வொரு பாதியையும் மீண்டும் இரண்டாக வெட்டும். இப்படியே எளிய சிறு துண்டுகள் கிடைக்கும்வரை வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைக் கிளைவிடும் மரமாகப் பதிந்து வைக்கும். ஆட்டத்தின்போது, ஆடுபவர் எங்கே நின்றாலும் அந்த மரத்தின் வழியே இறங்கினால், அருகிலிருந்து தொலைவுவரை எல்லாத் துண்டுகளும் சரியான வரிசையில் கிடைத்துவிடும். அருகில் உள்ளதை முதலில் வரைந்து, திரையின் ஒரு நெடுவரிசை முழுச்சுவரால் நிரம்பியதும் அதற்குப் பின்னால் உள்ளதைக் கணினி எட்டியும் பார்க்காமல் விட்டுவிடும். கார்மாக்கை மேதை என்று கொண்டாடும் கதைகள் ஏராளம். பழைய ஆய்வுக்கட்டுரையைத் தேடிப் படித்து அதை ஒரு விளையாட்டுக்குப் பொருத்திய அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ஆட்டத்தில் அது கண்ணெதிரே தெரிகிறது. வெட்டும் வேலை முன்கூட்டியே முடிந்துவிடுவதால், ஆட்டத்தின் நடுவே எந்தச் சுவரும் பக்கவாட்டில் நகர முடியாது. ஆனால் ஒரு பரப்பின் தரையையும் கூரையையும் ஏற்றி இறக்கலாம். அதற்கு வெட்டுக்கோடு மாற வேண்டியதில்லை. டூமில் ஒரு கதவுகூடக் கீலில் சுழலாமல், எல்லாம் சரசரவென்று மேலேறித் திறப்பது இதனால்தான். மின்தூக்கிகள், திடீரென்று இறங்கும் மேடைகள், தலையை நசுக்க வரும் கூரைகள் என்று ஆட்டத்தின் நினைவில் நிற்கும் பொறிகள் எல்லாம் இந்த ஒரே சலுகையின் பிள்ளைகள். அதேபோல, பார்வை எப்போதும் கிடைமட்டமாகவே இருந்தால், சுவரின் ஒரு நெடுவரிசையில் உள்ள எல்லாப் புள்ளிகளும் ஒரே தொலைவில் இருப்பதாகக் கொண்டு விரைவாக வரைந்துவிடலாம். அதற்காக, தலையை மேலும் கீழும் அசைக்கும் வசதியே ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அப்படியானால் மாடத்தில் நிற்கும் எதிரியை எப்படிச் சுடுவது? அவன் நிற்கும் திசையை நோக்கிச் சுட்டால் போதும். குண்டு மேல்நோக்கித் தானே போய்க்கொள்ளும். இதை ஏமாற்று என்று சிலர் சொல்வதுண்டு. ஆடுபவரின் கவனம் முழுவதும் காலுக்குத் திரும்பியது இதன் பலன்.

பேய்களும் தட்டையான படங்கள்தாம். ஏட்ரியன் கார்மாக் சிலவற்றைக் களிமண்ணில் செய்தார். பிற்பாடு கிரெகர் புன்சாட்ஸ் என்ற சிற்பியும் உருவங்கள் செய்து கொடுத்தார். அவற்றைச் சுற்றவிட்டு, எட்டுக் கோணங்களில் வீடியோ கேமராவால் பிடித்து, கணினியில் ஏற்றித் திருத்தினார்கள். பொம்மைத் துப்பாக்கிகளைக் கையில் பிடித்துப் படமெடுத்தே ஆட்டத்தின் சில ஆயுதங்கள் உருவாயின. இசையமைத்தவர் பாபி பிரின்ஸ்.

குழுவுக்குள் ஒரு பெரிய கருத்து வேறுபாடும் இருந்தது. டாம் ஹால் விரிவான கதையும் பல கதாபாத்திரங்களும் கொண்ட நீண்ட திட்ட ஆவணம் ஒன்றை எழுதினார். ஜான் கார்மாக்குக்குக் கதையில் அக்கறை இல்லை. வேகமும் சண்டையும்தான் வேண்டும் என்ற கட்சி வென்றது. ஹால் 1993 ஆகஸ்டில் நிறுவனத்தை விட்டு விலகினார். வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தபோது சேர்ந்த சாண்டி பீட்டர்சன், ஹால் விட்டுச்சென்ற அரைகுறை லெவல்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு, 27-இல் 19 லெவல்களை முடித்துக் கொடுத்தார். முதல் எபிசோடின் பெரும்பகுதி ரொமேரோவின் வேலை. சன்னல் வழியே முதலில் காட்டிவிட்டு, பிறகு அங்கே போக வழிதேட வைக்கும் அவருடைய பாணியை அதில் தொடர்ந்து காணலாம்.

பலர் சேர்ந்து ஆடும் முறைதான் டூமின் இன்னொரு கொடை. ஓர் அலுவலகத்திலோ கல்லூரியிலோ கம்பியால் இணைந்த கணினிகளில் நான்கு பேர்வரை ஆடலாம்; சேர்ந்து பேய்களைக் கொல்லலாம், அல்லது ஒருவரையொருவர் வேட்டையாடலாம். இரண்டாவதற்கு ரொமேரோ வைத்த பெயர் ‘டெத்மேட்ச்’. இன்றுவரை அதுவே வழங்குகிறது. கணினிகள் ஒன்றுக்கொன்று படத்தை அனுப்பிக்கொள்வதில்லை. யார் எந்த விசையை அழுத்தினார் என்பதை மட்டும் அனுப்பும். ஒவ்வொரு கணினியும் அதைக் கொண்டு ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு ஒரே முடிவுக்கு வரும். அப்படியானால் தற்செயலாக நிகழ வேண்டியவை கணினிக்குக் கணினி மாறிவிடாதா? மாறாது, டூமின் ‘தற்செயல்’ என்பது முன்பே எழுதி வைத்த 256 எண்களின் பட்டியல். எல்லாக் கணினிகளும் அதை ஒரே வரிசையில்தான் வாசிக்கின்றன. நேரில் ஆடிய ஆட்டத்தை மிகச் சிறிய கோப்பாகப் பதிந்து மறுபடி ஓட்டிப் பார்க்க முடிந்ததும் இதே காரணத்தால்தான்.

1993 டிசம்பர் 10-ஆம் தேதி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வழங்கிக் கணினியில் முதல் எபிசோட் ஏற்றப்பட்டபோது, காத்திருந்தவர்களின் கூட்டமே ஏற்றுவதற்குத் தடையாக இருந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. முதல் எபிசோடை யாரும் இலவசமாகப் படியெடுத்துப் பரப்பலாம்; மற்ற இரண்டும் வேண்டுமானால் பணம் அனுப்பி அஞ்சலில் பெற வேண்டும். கடைக்காரரின் தயவு தேவைப்படாத இந்த வணிகமுறை, ஆட்டத்தை அது விற்ற எண்ணிக்கையைவிடப் பல மடங்கு பேரிடம் கொண்டு சேர்த்தது.

ஆட்டத்தின் லெவல்களும் படங்களும் ஒலிகளும் நிரலிலிருந்து பிரிக்கப்பட்டு, ‘வாட்’ என்ற தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. இது திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு. நிரலைத் தொடாமலேயே யார் வேண்டுமானாலும் புது லெவல் செய்து மாற்றிப் போடலாம். ஆடியவர்கள் ஆக்குபவர்களாக மாறும் வழக்கம் இங்கிருந்துதான் பரவியது. கவுன்டர் ஸ்ட்ரைக்கின் பிறப்பு இதற்குச் சான்று. இட் நிறுவனத்தின் குவேக் எஞ்சினை, அதாவது அந்த ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரலை, உரிமம் பெற்று மாற்றியமைத்து, வால்வ் நிறுவனம் 1998-இல் ‘ஹாஃப்-லைஃப்’ ஆட்டத்தை வெளியிட்டது. மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு ஆர்வலர்கள் 1999-இல் அதன் மேல் ‘மோட்’ ஆக, அதாவது இருக்கும் ஆட்டத்தை மாற்றியமைத்த வடிவமாகச் செய்ததே கவுன்டர் ஸ்ட்ரைக். மறு ஆண்டு வால்வ் அதைத் தன் வெளியீடாக ஏற்றுக்கொண்டது. நம் ஊர்ப் பையன்கள் மனப்பாடமாக அறிந்திருந்த, கவுன்டர் ஸ்ட்ரைக்கின் ‘டஸ்ட் 2’ என்ற களத்தின் தெருக்களின் வமிசாவளி மெஸ்கீட் அலுவலகத்தில் போய் முடிகிறது.

வன்முறை பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. டூமில் இரத்தம் நிறைய. சாத்தானியக் குறிகளும் உண்டு. வன்முறை ஆட்டங்களைப் பற்றிய அமெரிக்க செனட் விசாரணை டூம் வெளியானதற்கு முந்தைய நாள்தான் நடந்தது. அடுத்த ஆண்டே ஆட்டங்களுக்கு வயது வரம்பு குறிக்கும் அமைப்பு அங்கே உருவானது. ஜெர்மனி 1994 முதல் 2011 வரை டூமை இளையோருக்கு விற்கத் தடைசெய்த பட்டியலில் வைத்திருந்தது. இந்தியாவில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கு அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் பயனர் தரவும் பற்றியது, வன்முறை அன்று. சிறு பிள்ளைகளுக்கு டூமைக் கொடுக்கலாமா என்றால், கூடாது என்றே சொல்வேன். கல்லூரி மாணவருக்கு அது வேறு கணக்கு.

அதிலும் கணினியியல் படிக்கும் மாணவருக்கு டூம் ஒரு பாடநூல். 1997 டிசம்பரில் அதன் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. 1999-இல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வந்தது. மேலே சொன்ன மரத்தையும், 256 எண்களின் பட்டியலையும் சி மொழி தெரிந்த எவரும் திறந்து படிக்கலாம். ஆடிப் பார்க்க விரும்புபவருக்கு, பழைய ஆட்டத்தை இன்றைய கணினியில் அப்படியே ஓட்டும் ‘சாக்லேட் டூம்’ என்ற இலவச நிரல் கிடைக்கிறது. அதோடு முதல் எபிசோடின் கோப்பு இருந்தால் போதும். ஐந்து கடினநிலைகளில் இரண்டாவதில் தொடங்குங்கள். சிலருக்கு இந்த நோக்கு தலைசுற்றலையும் குமட்டலையும் தரும். வெளிச்சமுள்ள அறையில், திரையிலிருந்து சற்றுத் தள்ளி அமர்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் பெரும்பாலும் பழகிவிடும். முதல் லெவலில் இடப்பக்க அறையின் படிக்கட்டில் ஏறினால் பச்சைக் கவசம் கிடைக்கும். சன்னலுக்கு வெளியே முற்றத்தில் தெரியும் நீலக் கவசம் அதைவிட உறுதியானது, அதை அடையும் வழி ஒரு மறைவிடத்தில் இருக்கிறது.